மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து ஒன்ட்ரே பகலில் தூங்குவான். பக்கத்து அறையில் துணி மடித்தபடி வெரோனா கணவனின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். மூன்று சொல் பேசும் நேரம் வரை அது போகும்; பிறகு அறுபடும். ஒரு சின்ன வெறுமை. மறுபடியும் மூன்று சொல். கேட்கக் கேட்க, பிட்ஸ்பர்க் ஆறும் உருக்காலையும் புகையும் அந்த வெறுமைக்குள் மெல்ல மிதந்துபோவதாக அவளுக்குத் தோன்றும். அந்த அளவில்தான் அவள் கவிதை எழுதினாள்.

அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அங்கே குடியேறிய ஸ்லோவாக்கியர்களின் சங்கப் பத்திரிகையில் ஒரு பெண்ணின் எழுத்து வந்தால், ஞாயிறு பூசைக்குப் பிறகு சங்கக் கூடத்தில் அவள் வீட்டு ஆண் அதைப் படித்துக்காட்ட வேண்டும். ஒன்ட்ரேவுக்கு அதில் பெருமை. ஆனால் முன்வரிசையில் அவனுடைய உருக்காலை ஃபோர்மேன் பெத்னாரிக் உட்கார்ந்திருப்பார். நெஞ்சு கெட்டவனை உலையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்; வேலை போனால் கம்பெனி வீடும் போகும். வரி குட்டையாக இருந்தால் அவன் நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம். மூச்சு வாங்குகிறான் என்று யாருக்கும் தெரியாது.

ஞாயிறன்று கூடத்து வாசலில் பத்திரிகையைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வரிகளெல்லாம் சேர்ந்து ஒரே பத்தியாகக் கிடந்தன.

"என்ன ஹ்ரின்கோ அண்ணே, இப்படி ஒட்டவச்சுட்டீங்க?"

அச்சுக் கோக்கும் ஹ்ரின்கோ சிரித்தார். "பின்ன? பாதிப் பக்கத்த வெள்ளையா விட்டிருந்தியேம்மா. இந்த ஊர்ல வெள்ளையா எத விட்டாலும் கரி வந்து உக்காந்துக்கும். மிச்ச இடத்துல சவப்பெட்டிக் கடை விளம்பரம் போட்டேன். கடைசில சூரியன் உதிக்கிற மாதிரி ஒரு வரியும் சேத்திருக்கேன், பாத்தியா? ஜனங்க பாவம், கொஞ்சம் வெளிச்சம் வேண்டாமா?"

"எந்த ஊர்ச் சூரியன் அது?"

"குடு இங்க," என்று ஒன்ட்ரே பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்டான். "படிக்கத்தானே போறேன், உலைக்குள்ளயா எறங்கப் போறேன்?"

மேடையேறித் தொண்டையைச் செருமினான். "நண்பகலிலும் விளக்கு எரிகிற எங்கள் தெருவில் கோப்பையில் இருப்பது பாலா சாம்பலா என்று தெரியாமல்..." அதற்கு மேல் போக முடியவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. பெத்னாரிக் பீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

வெரோனா எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

"வீட்லதான் பேச விடமாட்டா, இங்கயுமா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, கூடம் சிரித்தது. அவள் பத்திரிகையைப் பார்க்காமலே சொன்னாள்:

நண்பகல்.
விளக்கு எரிகிறது.

கோப்பையில்
பாலா, சாம்பலா?

பனி
விழும்போதே
துக்கம் உடுத்தியிருக்கிறது.

சிரிப்பு அடங்கியது. இரண்டாவது இடைவெளியில் ஒரு பெண் தலை குனிந்தாள். மூன்றாவதில் இன்னும் சிலர். அந்த வெறுமையை அவர்களும் தங்கள் வீடுகளில் கேட்டிருந்தார்கள். அப்போதுதான் வெரோனாவுக்குத் தான் செய்வது புரிந்தது. அவனுடைய மூச்சை மறைக்க எழுதியதைக் கொண்டே, அதை எல்லோர் முன்னாலும் மூச்சு விட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். வேகமாகச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சொற்கள் வேறு எந்த நடையிலும் வர மறுத்தன. கனவில் ஓட முயன்று கால் நகராததுபோல. சூரியனைச் சொல்லாமல் முடித்தாள்.

யாரும் கைதட்டவில்லை. பெத்னாரிக் மேடைக்கு அருகில் வந்தார்.

"எத்தன நாளாடா?"

"ரெண்டு குளிர்காலமா," என்றான் ஒன்ட்ரே.

"நாளைக்கு உலைக்கு வராத. கேட்ல வேற வேலை ஏதாவது இருக்கான்னு பாக்கறேன். வீட்டப் பத்தி என்னால ஒண்ணும் சொல்ல முடியாதுப்பா."

திரும்பும் வழியில் ரயில் பாலம் வரை ஒன்ட்ரே முன்னால் நடந்தான். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை; எதற்கென்று கேட்பது?

"அந்தாளு கேட்டப்ப பொய் சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்றான் பிறகு. "நீ சொல்லி முடிச்சதுக்கப்பறம் வாய் வரல."

"கோவமா?"

"கோவந்தான்." இரண்டடி நடந்தான். "நல்லாவும் இருந்துச்சு. அதான் இன்னும் கோவம்."

பாலத்தின் நடுவில் அவன் நின்றான். அவளும் நின்றாள். எதிரே அவர்களுக்குத் தெரிந்த சிலர் வந்துகொண்டிருந்தார்கள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர்களிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், இரும வேண்டிய அளவுக்கு இருமினான்.