டீயில் நனைத்த பாடம்

அயோவாவில் அந்தச் சின்ன ஊர்ப் பள்ளிக்கு வெர்லின் ஹாஸ்கெட்தான் ஃபுட்பால் கோச். பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டு விசில் ஊதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வரலாற்று டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும் தலைமையாசிரியை லோர்னா டில்லரி அவரைக் கூப்பிட்டார்.

"எட்டாம் வகுப்புக்கு இனிமே அமெரிக்க வரலாறு நீங்கதான் எடுக்கணும் கோச். திங்கக்கிழமை பாஸ்டன் தேயிலைக் கலகம்."

வெர்லின் மறுப்புச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் ஃபோனை எடுத்துவிட்டார்.

ஞாயிறு மதியம் சமையலறை மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்தார் வெர்லின். இணையத்தில் பாடத்திட்டங்கள் கொட்டிக் கிடந்தன. ஒன்றில் பாட்டு, ஒன்றில் பொம்மலாட்டம். இன்னொன்றில் ஆசிரியரே கப்பல் மாதிரி அசைந்தாடிக் காட்ட வேண்டுமாம். அதை அவர் வாய்விட்டுப் படித்தது தப்பாகிப் போயிற்று.

"நீ கப்பலா ஆடினா பாஸ்டனே முழுகிடும்ப்பா" என்றாள் அடுப்படியில் நின்ற மனைவி ஜெனீவா.

"சும்மா இரு ஜெனீ. இதோ ஒண்ணு மாட்டிச்சு! அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்காங்க. 'மாணவர்கள் மெய்மறந்து போவார்கள்'னு போட்டிருக்கு."

"அது சரி, கலகம் எந்த வருஷம் நடந்தது?"

வெர்லின் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அதெல்லாம் போகப்போகத் தெரியும்."

வெள்ளைத் தாளை டீயில் நனைத்து ஓவனில் காயவைத்தால் பழங்காலக் காகிதம் தயார். அதில் மாணவர்கள் தேயிலை வரியை எதிர்த்து இங்கிலாந்து ராஜாவுக்குக் கடிதம் எழுத வேண்டும். இதுதான் திட்டம். முதல் தடவை வைத்த தாள்கள் கருகி, வீடே புகைந்து, எச்சரிக்கை மணி அலறியது.

"கடல்ல தேயிலையைக் கொட்டினவங்ககூட இவ்வளவு நாசம் பண்ணியிருக்க மாட்டாங்க" என்றபடி ஜெனீவா ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் மிஞ்சிய தாள்களைப் பெருமையாக வகுப்பில் நீட்டினார். "ஐயோ, மறுபடியுமா!" என்று வகுப்பே முனகியது.

முன்வரிசை மெரிட் கேட்டாள்: "கோச், இது டீயில நனைச்ச பேப்பர்தானே?"

"அட, எப்படிக் கண்டுபிடிச்ச?"

"மூணாம் கிளாஸ்ல பண்ணோம். அஞ்சாம் கிளாஸ்லயும் பண்ணோம். எங்கம்மாவுக்கே சலிச்சுப்போச்சு."

பின்னாலிருந்து டோபின் குரல் கொடுத்தான். "அந்த ராஜாவுக்கு எத்தனை லெட்டர்தான் போடறது? ஒண்ணுக்காவது பதில் போட்டாரா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வெர்லினுக்குக் காது சிவந்துவிட்டது. எதிரணிக்குத் தெரிந்துபோன ஆட்டத்தை எந்தக் கோச்சாவது தொடருவானா? தாள்களை ஓரமாக வைத்துவிட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்தார்.

"சரி, தோத்துட்டேன். இந்தக் கதையில உங்களுக்கு யாரும் சொல்லாதது என்ன? கேளுங்க."

மெரிட், "மறுநாள் காலையில துறைமுகத்தை யார் சுத்தம் பண்ணாங்க?" என்றாள்.

"தெரியாது" என்றார் வெர்லின்.

பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆசிரியர் ஒருவர் இப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை.

"எங்கப்பா லாரி ஓட்டறாரு" என்று எழுந்தான் டோபின். "சரக்கை யாராவது ஆத்துல கொட்டினா அவரைத்தான் பிடிப்பாங்க. அந்த மாலுமிங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"கேட்காம வரி போட்டா வேற என்னதான் செய்யறது?" மெரிட் சீறினாள்.

இது வெர்லினுக்குத் தெரிந்த களம். விசிலை ஊதி வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்: கலகக்காரர்கள் ஒரு பக்கம், தேயிலை அனுப்பிய கம்பெனியும் ராஜாவும் மறுபக்கம். இரைச்சல் கேட்டு லோர்னா ஓடிவந்தார்.

"கோச்! இது எந்தப் பாடத்திட்டத்துல இருக்கு?"

"எதுலயும் இல்லீங்க மேடம்."

"மேடம், எங்க பக்கம் ஆள் குறையுது, இப்படி வந்து உக்காருங்க" என்று டோபின் நாற்காலியை இழுத்துப் போட்டான். தயங்கித் தயங்கித்தான் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவரே கம்பெனிக்காக எழுந்து நின்று வாதாடிக்கொண்டிருந்தார். மெரிட்டின் அணி அவரைப் பேசவே விடவில்லை.

சாயங்காலம் வெர்லின் ஜெனீவாவிடம், "அந்த மாலுமிங்க கதி என்னாச்சுன்னு தேடிக்கிட்டு வர்றதா பசங்ககிட்ட வாக்குக் குடுத்துட்டேன். நூலகத்துக்குப் போறேன், வர்றியா?" என்றார்.

"வர்றேன். ஆனா சொல்லிட்டேன், நான் ராஜா கட்சி."

வழி நெடுக வண்டியில் சண்டை ஓயவில்லை. நூலகர் உதட்டில் விரல் வைத்து முறைத்த நேரத்தில் ராஜா கட்சியின் கைதான் ஓங்கியிருந்தது.