வீட்டுக்கு ஒன்று போதும்

வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் கம்ப்யூட்டருக்கு இரண்டு ப்ராசசர் தேவையா? தேவையில்லை. இந்த ஒரு வரியை என் நைனாவிடம் சரியான நேரத்தில் சொல்லியிருந்தால் போதும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது யாரைத் திட்ட ஆரம்பித்தாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறது.

நைனா பெயர் திருவேங்கடம். பழவேற்காட்டில் ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பம் எங்களுடையது. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவரும் அங்கமுத்து மாமாவும் மீன் பிடித்துவிட்டுத் திரும்பும்போது, சரியாக முகத்துவாரத்தில் இஞ்சின் நின்றுவிட்டது. அங்கே அலை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்று சொல்ல முடியாது. படகு கவிழ்ந்தது. நைனா நீந்தி வந்தார். மாமாவை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். அன்றிலிருந்து நைனாவின் படகில் பெரிய இஞ்சினுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்றும் இருக்கும். ஒன்று நின்றால் மற்றது கரை சேர்க்கும். ஊரில் அவரை ஜோடி இஞ்சின்காரர் என்று கேலி செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே போவார்.

நான் டிகிரி முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். பக்கத்துத் தெரு செசிலியா அக்கா, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கிற வேலையை வீட்டிலிருந்தே செய்கிறாள். அவள் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். சொந்தமாகக் கம்ப்யூட்டர் வேண்டும், அதில் இரண்டு மணி நேரப் பரீட்சை எழுத வேண்டும். நடுவில் தடைப்பட்டால் அவ்வளவுதான், அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து. இந்த வேலை கிடைக்காவிட்டால் எனக்கு இருந்த ஒரே வழி காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன். அங்கே கேன்டீனைப் பெருக்கும் வேலை. அந்தத் துறைமுகம் வேண்டாம் என்று வெயிலில் உட்கார்ந்து போராடியவர்களில் நைனாவும் ஒருவர். என் மகள் அங்கே துடைப்பம் பிடிக்க மாட்டாள் என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தார்.

என்ன வாங்க வேண்டும் என்று செசிலியா அக்கா சொல்லச் சொல்லச் சீட்டில் எழுதினேன். சாதாரண மதர்போர்டு, ஒரு ப்ராசசர், பதினாறு ஜிபி மெமரி. கூட வருகிறேன் என்றேன். "இஞ்சின் வாங்கத் தெரிஞ்சவனுக்கு இது தெரியாதா?" என்று சீட்டை மட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நைனா தனியாகச் சென்னைக்குப் போனார்.

மாலையில் ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து இறக்கினார்கள். ஐஸ் பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. ஏதோ ஆபீஸ் இரவும் பகலும் ஓட்டித் தேய்த்துவிட்டுக் கழித்துக் கட்டிய மெஷின்.

"இன்னா நைனா இது?"

"தொறந்து பாரு. ரெண்டு கீது. கடைக்காரன் வூட்டுக்கா ஆபீசுக்கானு கேட்டான். எதுவா இருந்தா இன்னா, ஒண்ணு நின்னா இன்னொண்ணு இழுக்கணும், அந்த மாதிரி குடுன்னேன். ஒடனே எடுத்துக் குடுத்துட்டான்."

கடைக்காரன் பொய் சொல்லவில்லை. இரண்டு கேட்டார், இரண்டு கொடுத்தான். படகில் ஒரு இஞ்சின் செத்தால் மற்றது பிழைத்திருக்கும். இந்தப் போர்டில் அப்படி இல்லை. இரண்டும் ஒரே உயிர். ஒன்று சூடேறினால் மற்றதையும் சேர்த்து அணைத்துவிடும். செசிலியா அக்கா வந்து பார்த்துவிட்டு என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"நந்தினி, இது வீட்டுக்கு ஆவாதுடி. சூடு ஜாஸ்தி, கரண்டு ஜாஸ்தி. விசிறியே ஆறு கீது. நம்ம உப்புக்காத்துக்கு எது மொதல்ல துருப்புடிக்கும்னு யாருக்குத் தெரியும்? ஏழு நாளைக்குள்ள மாத்தலாம்னு பில்லுல போட்டிருக்கான். நாளைக்கே போ."

நாளைக்கே போயிருக்கலாம். ஆனால் அதற்குள் கூடத்தில் பூஜை தொடங்கிவிட்டது. எங்கள் பக்கம் புது இஞ்சின் வந்தால் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கங்கம்மாவைக் கும்பிட்டுத் தேங்காய் உடைப்போம். பொட்டு வைத்த இஞ்சினைத் திருப்பிக் கொடுப்பது ஆகாது, கடல் கோபித்துக்கொள்ளும் என்பார்கள். நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் அந்தக் கறுப்புப் பெட்டியின் நெற்றியில் மூன்று பொட்டு. தெருவே வந்து பார்த்தது. நைனா எல்லோருக்கும் மூடியைக் கழற்றிக் காட்டினார். "ஒண்ணு, ரெண்டு" என்று விரல் விட்டுக் காட்டினார். மாமா போனதற்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அம்மா வேலம்மா என் முகத்தைப் பார்த்து, "இன்னாடி, நல்லா இல்லையா?" என்று கேட்டாள். நல்லா இருக்கும்மா என்றேன். ஏழு நாளும் அப்படியே சொன்னேன்.

ஒரு மாதம் ஓடியது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பரீட்சை நாளன்று நைனா கடலுக்குப் போகாமல் கதவருகே உட்கார்ந்திருந்தார். இருபத்து மூன்றாவது கேள்வியில் திரை இருண்டது. மூடியைக் கழற்றினேன். இரண்டாவது ப்ராசசரின் விசிறி துருப்பிடித்து, சுற்றாமல் நின்றிருந்தது. விரலால் தள்ளியும் அசையவில்லை.

"அதான் இன்னொண்ணு கீதே," என்றார் நைனா.

"அது அப்படி இல்ல நைனா. ஒண்ணு நின்னா எல்லாம் நின்னுடும்."

"இன்னா பேசற நீ? நின்ன இஞ்சின உட்டுட்டு உக்காருவாங்களா? போடு. நாலு வாட்டி இழுத்தா புடிக்கும்."

நான் கையை எடுத்தேன், அவர் பட்டனை அழுத்தினார். வந்தது, இரண்டு நிமிடத்தில் போனது. மறுபடி அழுத்தினார். முகத்துவாரத்தில் இஞ்சின் கயிற்றை இழுத்த கை அது. நிறுத்து என்று எப்படிச் சொல்வது? ஏழாவது முறை கருகிய வாடை வந்தது. பொன்னேரி மெக்கானிக் பார்த்துவிட்டு, போர்டே போய்விட்டது, சாதாரணப் போர்டாக இருந்தால் எந்தக் கடையிலும் கிடைக்கும், இதற்கு எங்கே போய்த் தேடுவது என்று கையை விரித்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

மறு வாரமே துறைமுக வேனில் ஏறினேன். வாங்கின சம்பளத்துக்கு மனசாட்சியோடு பெருக்கினேன் என்று சொல்லலாம். விடியற்காலை வேன், கழுத்தில் அட்டை, கேன்டீனில் முந்நூறு தட்டு. நைனா என் கழுத்து அட்டையைப் பார்க்க மாட்டார். நான் வீட்டுக்கு வரும் நேரத்தில் வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். கூடத்தில் பொட்டு வைத்த பெட்டிக்கு அம்மா பழைய புடவையைப் போர்த்தி வைத்தாள். எனக்கு அவர்மேல் கோபம்தான். கோபம் இல்லை என்று சொல்லி நல்ல பெயர் வாங்க எனக்கு ஆசையில்லை.

அடுத்த பரீட்சைக்கு இருபது நாள் இருந்தபோது ஒரு சாயங்காலம் நைனா சென்னையிலிருந்து வந்தார். கையில் சின்னப் பெட்டி. கூடவே, மடித்து மடித்துக் கிழிந்துபோன என் பழைய சீட்டு.

"இதைக் காட்டியே வாங்கினேன்," என்றார். "ஒண்ணுதான் கீது. நீ எழுதின மாதிரியே."

அவர் பொட்டு வைக்கவில்லை, தேங்காய் உடைக்கவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. நான் பரீட்சை எழுதினேன். ஒரு தடங்கலும் இல்லை. வேலை கிடைத்தது. துறைமுக அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று, நல்ல செய்தியைச் சொல்லலாம் என்று கரைக்கு ஓடினேன். நைனா படகைக் கழுவிக்கொண்டிருந்தார். படகின் பின்பக்கம் சின்ன இஞ்சின் மாட்டும் இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"சின்ன இஞ்சின் எங்க நைனா?"

"வெலைக்குக் குடுத்துட்டேன்."

"எதுக்கு? முகத்துவாரத்துல ஒண்ணு நின்னா இன்னா பண்ணுவ?"

அவர் வாளித் தண்ணீரை ஊற்றினார். என்னைக் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே பதில் சொன்னார். "ஒண்ணு போதும்னு நீதானேம்மா எழுதியிருந்த."

அது கம்ப்யூட்டருக்கு நைனா, வீட்டுக்கு நைனா என்று கத்தினேன். அழுகையில் பாதி வார்த்தை வரவில்லை. முதல் தடவை சொல்ல வேண்டியதை அன்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வேலை கிடைச்சுதா, கிடைச்சுதா என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலு மாதம் ஆகிறது. சின்ன இஞ்சின் வாங்கப் பணம் சேர்க்கிறேன். வேண்டாம், பழகிடுச்சு என்கிறார் நைனா. காலை பத்து மணிக்குமேல்தான் படகுகள் முகத்துவாரம் தாண்டி உள்ளே வரும். போன வாரம் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்: நாள் முழுக்க நன்றாகச் செய்கிறீர்கள், தினமும் பத்திலிருந்து பதினொரு மணி வரைக்கும் மட்டும் ஏன் இவ்வளவு தப்பு வருகிறது?

மெஷினில் ஏதாவது கோளாறா என்று கேட்டாள். இல்லை மேடம், மெஷின் நன்றாக இருக்கிறது என்றேன்.