கோட்டும் பால்கன்னியும்

மாரிராஜுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு வெள்ளாடு. இதை அவனே மேடையில் சொல்லியிருக்கிறான். அடக்கத்துக்குச் சொல்கிறான் என்று சென்னைக்காரர்கள் நினைத்துக்கொண்டு கைதட்டுவார்கள். அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. நடந்ததே அதுதான்.

புதூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டில் வெள்ளாடு என்றால் கன்னி ஆடுதான். கன்னங்கரேலென்ற உடம்பு, முகத்தில் கொம்படியிலிருந்து மூக்குவரை இரண்டு கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செவலையாக இருந்தால் செங்கன்னி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. தெரியாதவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து மாரிராஜின் இன்ஜினியரிங் கல்லூரி விடுதியில், அவன் அறையிலேயே வந்து குடியிருந்தார்கள். மூன்று பேரும் சென்னைப் பையன்கள்.

கடைசி வருடம் கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கோட்டு இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கரிசல்காட்டு வெயிலில் கோட்டை எவன் கண்டான்? மாரிராஜ் தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொல்லிவைத்தான். நான்கு நாள் கழித்து அம்மாவிடமிருந்து போன் வந்தது. குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தவன், போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்தான். வைத்திருக்கக் கூடாது. அம்மா வேலுத்தாய் எப்போதுமே கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவள்தான். அன்றைக்கு விடுதியின் மறுகோடிக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏலே மாரி! கோட்டுக்குக் கவலப்படாத! நம்ம பால்கன்னிய எட்டயபுரம் சந்தையில வித்துட்டேன்!"

அறையில் இருந்த மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"நல்ல கன்னிலே! நாலு பேரு வந்து வாயப் பொளந்து பல்லப் பாத்தானுவ. கடேசியில கயத்தாத்துக்காரரு ஒருத்தரு புடிச்சுட்டுப் போயிட்டாரு. செங்கன்னியயும் கேட்டாரு. அது சினையா இருக்குல்லா, அதான் குடுக்கல. குட்டி போடட்டும், அடுத்த கோட்டுக்குப் பாத்துக்கிடுவோம்!"

மூன்று பையன்களும் மாரிராஜைப் பார்த்த பார்வையில் போலீஸ் ஸ்டேஷன் தெரிந்தது. மறுநாள் காலை வார்டன் கூப்பிட்டு விட்டார். கதவைச் சாத்திவிட்டு, "தம்பி, உங்க ஊர்ல என்னதான்பா நடக்குது?" என்று கேட்டார். ஆடு என்று புரியவைப்பதற்குள் மாரிராஜுக்கு நாக்கு வறண்டுவிட்டது. கடைசியில் படம் வரைந்து காட்டினான்.

புதியம்புத்தூரில் தைத்த அந்தக் கோட்டு தோளில் ஒரு சுற்று பெரிதாகத் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு ஐந்து கம்பெனிக்குப் போய்வந்தான். ஒருத்தனும் வேலை தரவில்லை. பிறகு சென்னையில் ஏதோ ஒரு கால் சென்டரில் ஒண்டிக்கொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் காபிக் கடை ஒன்றில் யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்து ஐந்து நிமிடம் சிரிக்க வைக்கலாம் என்றார்கள். நல்ல உடுப்பு வேறு இல்லாததால் கோட்டை மாட்டிக்கொண்டு போனான். அம்மாவின் போனை அப்படியே அவளுடைய குரலில் கத்திக் காட்டினான். கத்திய கத்தலுக்குத்தான் முதல் சிரிப்பு. கன்னி, சினை, பல் எல்லாம் அதற்கப்புறம். ஒருத்தர் காபியை மேலே கொட்டிக்கொண்டார்.

அந்த வீடியோ ஊர் ஊராகச் சுற்றியது. மூன்று வருடம் மேடை மேடையாகக் கோட்டும் கத்தலுமாகப் போனான். துபாய்க்குக்கூடப் போய்க் கத்திவிட்டு வந்தான். வேலுத்தாய் ஊரில், மகன் பட்டிமன்றத்தில் தனியாளாகப் பேசுகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊர்க்காரர்களும் வீடியோவைப் பார்க்காமல் இல்லை. டீக்கடை லிங்கராஜ் இரண்டு தரம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "ஆடு வித்தத ஒழுங்காத்தான் சொல்லுதான். இதுல சிரிக்க என்ன இருக்கு? கோட்டு தோள்ல தொங்குதுல்லா, அதுக்குத்தான் சிரிக்காவ." வேலுத்தாய்க்கு மனசு கேட்கவில்லை. தோளைப் பிடித்துத் தைக்கச் சொல்லி மகனுக்குப் போன் போட்டாள். மாரிராஜும் சரி என்று சொல்லிவிட்டான். அவர்கள் சிரிப்பது எதற்கு என்று அவளிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் வந்ததே இல்லை. அம்மாவை விற்றுத்தான் சாப்பிடுகிறோம் என்று சில நேரம் உறுத்தும். அடுத்த மேடைக்குப் போனதும் மறந்துபோகும்.

அப்புறம் சினிமா வந்தது. இயக்குநர் சதீஷ்குமார், அந்த வீடியோவைப் பார்த்துத்தான் கதாநாயகனின் நண்பன் வேடத்துக்கு இவனைக் கூப்பிட்டார். மொத்தம் பதினொரு காட்சி. பத்தில் யாராவது இவனை அறைவார்கள். பதினொன்றாவதுதான் அம்மாவின் போன் காட்சி. மாரிராஜ் என்று ஒருத்தன் திரையில் நிற்கிறான் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டுமானால் அது ஒன்றுதான் வழி. அது இல்லாவிட்டால் அவன் வெறும் கன்னம்.

மாசி மாதம், மக்காச்சோளம் அறுத்த காட்டில், அவன் ஊரிலேயே படப்பிடிப்பு வைத்தார்கள். ஆடுகள் வேலுத்தாயின் ஆடுகள். அம்மா வேடத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு மூத்த நடிகை வந்திருந்தார். நல்ல மனுஷி, வந்ததும் வராததுமாகக் கருப்பட்டிக் காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஆனால் காட்சி படுத்துவிட்டது. நடிகை போனைக் காதில் வைத்து, "நம்ம பால்கன்னியை..." என்று சொல்லி நிறுத்தி, கேமராவைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டி, "வித்துட்டேன்" என்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை இடுப்பில் கைவைத்துச் சொன்னார். மூன்றாம் தடவை உதட்டைச் சுழித்தார். லைட் பிடிக்கிற பையன்கள் கொட்டாவி விட்டார்கள்.

"ஸ்கிரிப்ட்ல படிச்சப்போ உருண்டு உருண்டு சிரிச்சோமே" என்று சதீஷ்குமார் தலையைச் சொறிந்தார். "மதியத்தோட மேடம் கிளம்புறாங்க. இன்னும் ரெண்டு டேக் பார்ப்போம். வரலைன்னா தூக்கிடலாம் மாரி. தப்பா எடுத்துக்காதீங்க."

மாரிராஜ் தலையாட்டினான். தண்ணீர் குடிப்பதுபோல் ஒதுங்கினான். அங்கே ஆடுகளைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலுத்தாய் நின்றாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"ஏலே, அது நான் பேசுன பேச்சுல்லா?"

"ஆமாம்மா."

"அத என்னத்துக்குலே படம் புடிக்காவ? அந்தம்மா எதுக்குக் கண்ணடிக்கா?"

இனி ஒளிக்க முடியாது. வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னான். "சென்னைக்காரனுக்குக் கன்னின்னா ஆடுன்னு தெரியாதும்மா. கன்னிப்பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டானுவ. நீ சந்தையில வித்துட்டேன்னு சொன்ன. பல்லப் பாத்தானுவன்னு சொன்ன. இன்னொண்ணு சினையா இருக்குன்னு சொன்ன. அத வச்சுத்தான் இத்தன வருசமா பொழப்பு நடத்துதேன். உன்னய மாதிரியே கத்திக் காட்டுவேன். அதுக்குத்தான் சிரிக்காவ."

வேலுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். "அட கோட்டிக்காரக் கிறுக்குப் பயலுவளா!" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழப்போகிறாள் என்று மாரிராஜ் நினைத்தான். காலில் விழுந்துவிடலாமா என்றுகூட யோசித்தான்.

"சரி, அவனுவ சிரிச்சது நாயந்தான்" என்றாள் அவள் கடைசியில். "ஆனா இந்தம்மா செய்யது தப்புலே. ஆட்ட வித்துட்டு வந்தவ கண்ணடிப்பாளா? பால்கன்னி நான் புட்டிப்பால் குடுத்து வளத்ததுலே. கயித்தக் கையில குடுத்தப்ப அது என்னயத் திரும்பிப் பாத்துச்சு. அழுதுட்டுல்லா உனக்குப் போன் போட்டேன்."

"அழுதியா? எனக்குக் கேக்கலயே!"

"கேக்கக் கூடாதுன்னுதாம்லே அந்தக் கத்து கத்துனேன்."

 எத்தனை மேடை! எத்தனை ஆயிரம் பேர்! அந்தக் கத்தலைக் கத்திக் கத்தித் தொண்டையில் தழும்பே விழுந்திருக்கும். அதற்குள்ளே என்ன இருந்தது என்று மட்டும் மாரிராஜுக்குத் தெரிந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஆடு மிரளுது, விடுலே" என்று அவள் உதறினாள்.

நேரே நடிகையிடம் போய்ச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கேட்டுவிட்டு மேக்கப் கண்ணாடியைக் கீழே வைத்தார். எழுந்து வேலுத்தாயிடம் வந்து, "அந்தக் கயித்தை என்கிட்ட கொஞ்சம் குடுங்கம்மா" என்று வாங்கிக்கொண்டார். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் போன். கண்ணடிக்கவில்லை, இடுப்பில் கைவைக்கவில்லை. தொண்டையைச் செருமி, மூக்கை முந்தானையில் துடைத்துவிட்டு, காடே அதிரும்படி கத்தினார்.

"ஏலே மாரி! கோட்டுக்குக் கவலப்படாத! நம்ம பால்கன்னிய வித்துட்டேன்!"

ஆடுகள் நாலாபக்கமும் சிதறின. அதோடு யூனிட்டும் சிதறியது. லைட் பையன் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். சதீஷ்குமார் நாற்காலியிலிருந்து வழுக்கிக் கரிசல் கட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். 'பல்லப் பாத்தானுவ' என்று வந்தபோது, எல்லோருடைய சிரிப்பையும் தாண்டிக்கொண்டு ஒரு சிரிப்பு கேட்டது.

சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் ஹெட்போனைக் கழற்றினார். "சார், டேக்ல சிரிப்பு விழுந்துடுச்சு. யாருங்க அது?"

"நாந்தான்யா" என்றாள் வேலுத்தாய், கண்ணைத் துடைத்தபடி. "அந்தம்மா என்னய மாதிரியே கத்துதா! நான் அப்படியா இருப்பேன்?"

காட்சியைத் தூக்குகிற பேச்சே அதன்பிறகு எழவில்லை. ஆனால் அடுத்த டேக்கிலும் சிரித்தாள். அதற்கடுத்ததிலும் சிரித்தாள். வாயில் முந்தானையை அடைத்துப் பார்த்தார்கள், ஆகவில்லை. வேறு வழியில்லாமல் இயக்குநர் கும்பிட்டுக் கேட்டுக்கொள்ள, மாரிராஜ் தன் தாயை வரப்பு தாண்டி, ஓடைக்கரை வேலிக்கருவை நிழல்வரை கூட்டிக்கொண்டு போனான். மூன்று வருடம் ஊர் ஊராகச் சிரிக்க வைத்தவன் அன்றைக்குத்தான் தன் அம்மா சிரித்துப் பார்த்தான். அதில் பாதி நடிகைக்குச் சேர வேண்டியது என்றாலும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எம்மா, கோட்டு வேண்டாம்லேன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? அதப் போட்டு ஒரு வேலையும் கிடைக்கல."

"நீ அதப் போட்டுக்கிட்டு ஒரு போட்டா அனுப்புன பாரு" என்றாள் வேலுத்தாய். "அத நான் எத்தன தரம் பாத்திருப்பேன் தெரியுமா?"

 "நல்லா இருந்தேனாம்மா?"

அவள் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். சந்தையில் பார்க்கிற அதே பார்வை.

"பால்கன்னி அளவுக்கு இல்ல. இருந்தாலும் பரவால்லாமத்தாம்லே இருந்த."

 மாரிராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

காட்டின் அந்தக் கோடியிலிருந்து சவுண்ட் ரெக்கார்டிஸ்ட்டின் குரல் வந்தது. "சைலன்ஸ்! அங்கேயும் யாரோ சிரிக்கிறாங்க சார்!"