இடக்கை ஐம்பத்தெட்டு

இரண்டு கைகளாலும் ஈட்டி எறிய வேண்டும். ஒவ்வொரு கைக்கும் மூன்று வீச்சு. இரு கைகளின் சிறந்த தூரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். 1921இல் எங்கள் பின்லாந்து மாவட்டத்தில் போட்டி அப்படித்தான் நடந்தது. ஜெயிக்கும் ஒருவனுக்கு மட்டும் ஹெல்சிங்கியில் நடக்கும் தேசியப் போட்டியில் இடம். யால்மரி ஹுக்கனெனுக்கு முப்பத்துநான்கு வயது. இதை விட்டால் இன்னொரு வருடம் கிடையாது.

அவனும் நானும் மர ஆலையில் பலகை அடுக்குகிறவர்கள். நான்கு முறை மாவட்டத்தை வென்றவன், வலக்கையால் அறுபது மீட்டர் போடுபவன், அன்று நாற்பத்தொன்பதைத் தாண்டவில்லை.

மருந்துக்கடை தௌனோ அறுபத்திரண்டு எறிந்துவிட்டுச் சிரித்தான்.

"என்னண்ணே, ஈட்டியப் பலகைன்னு நெனச்சு இறக்கி வைக்கிறியா?"

யால்மரி வலது முழங்கையைத் தேய்த்துக்கொண்டான். அது வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"எப்பலேர்ந்துடா இது?"

"அக்டோபர். பலகைக்கட்டு சரிஞ்சுது."

"எட்டு மாசமாச்சு! ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ கேக்கலியே."

எங்கள் ஊரில் இது நியாயமான பதில். வாராவாரம் சௌனா என்கிற நீராவிக் குளியலறையில் அவன் பக்கத்தில் அம்மணமாக உட்கார்ந்திருக்கிறேன். அங்கே ஒருவன் உடம்பை இன்னொருவன் பார்ப்பதில்லை.

அடுத்து இடக்கை. தௌனோ நாற்பது எறிந்தான். மொத்தம் நூற்றிரண்டு.

"ஹுக்கனென், ஐம்பத்துமூணுக்கு மேல வேணும்," என்றார் நடுவர். "இங்க எவனும் இடக்கையால நாப்பத்தஞ்சு தாண்டினதில்ல. காப்பி சூடா இருக்கு, போய்க் குடிங்க."

"அப்புறம் குடிக்கிறேன்."

முதல் வீச்சு கோணலாகப் போய் எல்லைக்கோட்டுக்கு வெளியே விழுந்தது. யாரோ கனைத்தார்கள். இரண்டாவதற்கு அவன் ஓடி வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. அது புதிதாக ஓடுகிறவனின் ஓட்டம் இல்லை. அந்த எட்டு மாதமும் எங்கேயோ தனியாக இடக்கையால் எறிந்துகொண்டிருந்திருக்கிறான். பிர்ச் மர ஈட்டி நடுங்காமல் போய்ப் புல்தரையில் குத்தி நின்றது.

"ஐம்பத்தஞ்சு!"

"தப்பு. மறுபடி அளங்க," என்றான் தௌனோ. நாடாவின் நுனியைத் தானே பிடித்துக்கொண்டான். ஐம்பத்தைந்துதான். தொப்பியைக் கழற்றினான்.

"சரிண்ணே. என்னைக் கவுத்துட்ட."

யால்மரி ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு தொடக்கத்துக்கே திரும்பி நடந்தான்.

"ஜெயிச்சாச்சேப்பா, இன்னும் எதுக்கு?" என்றார் நடுவர்.

"மூணு வீச்சுன்னீங்களே."

ஐம்பத்தெட்டு. நாளெல்லாம் சேர்ந்து பத்து வார்த்தை பேசாத எங்கள் ஆலைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். நானும்தான்.