ஒன்பதாம் குழிக்கு ஆறு அடி

பிரிஸ்கில்லா அடித்த பந்து நேராகத்தான் கிளம்பியது. பாதி தூரம் போன பிறகுதான் அதற்குப் புத்தி கெட்டது. வலது பக்கமாக வளைந்து, வெட்டிவிட்ட புல்தரையைத் தாண்டி, மாமரங்களுக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடந்த காட்டுப்புல்லுக்குள் போய் மறைந்தது.

"போச்சு," என்றார் அவள் கணவர் பொன்னுராஜ். அவர் தோளில் அவளுடைய மட்டைப் பை தொங்கியது.

"பந்துதாங்க போயிருக்கு. நான் இங்கதான நிக்கேன்," என்றாள் பிரிஸ்கில்லா.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மலையைப் பார்த்தாற்போல் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறதென்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மில் கட்ட வாங்கிப் போட்ட நிலத்தில் மில் வரவில்லை. நூல் வியாபாரத்துக்குக் கோயம்புத்தூர் போய்வந்த நாலு பேர் அங்கே இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, நாமும் ஆடினால் என்ன என்று ஒன்பது குழி தோண்டிவிட்டார்கள். பதினெட்டுக் குழிக்கு ஆசைதான். பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒரு சென்ட் நிலம்கூடத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

குழி தோண்டினவர்கள் ஒரு சட்டமும் போட்டார்கள். மட்டையால் மொத்தம் ஐம்பது அடி அடிப்பதற்குள் ஒன்பது குழியையும் முடித்துக் காட்டிக் கார்டு வாங்கியவர்கள்தான் விடியற்காலையில் ஆடலாம். மற்றவர்கள் பத்து மணிக்கு மேல் வரவேண்டும். தடவித் தடவி ஆடுகிறவர்கள் முன்னால் போனால், பின்னால் வருகிறவர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் பங்குனி மாதத்தில் இந்தச் சீமையில் பத்து மணி வெயில் என்றால் என்னவென்று சட்டம் போட்டவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்கள் எல்லாரும் முதல் வேலையாகக் கார்டு வாங்கிக்கொண்டார்கள். பொன்னுராஜ் கார்டு வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

பிரிஸ்கில்லாவுக்கு அந்த விடியற்காலை வேண்டும். அவள் பேண்டேஜ் துணி ஃபேக்டரி நடத்துகிறாள். எட்டு மணிக்குப் பாய்லர் சூடானால், இரவு படுக்கும்வரை போன் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆராதனை, அது முடிந்தால் சொந்தபந்தம். ஒரு நாளில் யாரும் அவளிடம் வந்து எதையும் கேட்காத நேரம் அந்த ஆறு மணிதான். அந்த நேரத்தில் மலை மேலிருந்து இறங்குகிற குளிர்ந்த காற்றில், ஈரப்புல்லில், தன் பந்துக்குப் பின்னால் தான் நடந்துபோக வேண்டும் என்பது அவளுக்கு வெறும் ஆசை இல்லை. நினைத்தாலே நெஞ்சை அடைக்கிற ஆசை. பெண்களில் இதுவரை ஒருத்திகூட அந்தக் கார்டு வாங்கவில்லை என்பது அதற்கு மேல் ஒரு ரோஷம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் கார்டுக்கு ஆடிப் பார்க்கலாம். போன தடவை இதே ஒன்பதாவது குழியில்தான் கோட்டைவிட்டாள். இதே காட்டுப்புல்லில்தான் பந்து கிடந்தது. "ரெண்டு மரத்துக்கு நடுவுல சந்து தெரியுது பாரு, ஓங்கி ஒன்னு வச்சீன்னா நேரா கொடிக்கிட்ட போயிரும்," என்றார் பொன்னுராஜ். அவளும் நம்பி ஓங்கினாள். பந்து மாமரத்தில் பட்டுத் திரும்பி வந்து, அவளையும் தாண்டிப் பின்னால் போய் விழுந்தது. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். பொன்னுராஜ் மட்டும், "சந்து பெரிய சந்துதான்," என்று இரண்டு தடவை சொன்னார்.

இன்றைக்கு எட்டுக் குழி முடிந்து நாற்பத்து நாலு அடி ஆகியிருந்தது. இந்தக் குழியை ஆறு அடியில் முடித்தால் கார்டு. அதில் ஒரு அடி போய்விட்டது.

அடிகளை எண்ணுவதற்காகக் கூட வந்த கௌதம்ராஜ், கிளப்பின் செயலாளர். ராஜபாளையத்தில் நூல் மில் வைத்திருக்கிறவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். நல்ல மனுஷன். அவருக்கு மில்லிலிருந்து போன் வந்துவிட்டது. "செத்த நேரம் மதினி, இந்தா வாரேன்," என்று கையைக் காட்டிவிட்டு வேலி ஓரமாகத் தள்ளிப்போய் நின்று பேசினார்.

பிரிஸ்கில்லா பந்தைக் கண்டுபிடித்தாள். புல் அதை நன்றாகவே விழுங்கியிருந்தது. மேலே கொஞ்சம் வெள்ளை தெரிந்தது, அவ்வளவுதான். முன்னால் இரண்டு மாமரம், நடுவில் அந்தப் பாழாய்ப்போன சந்து. அதைத் தாண்டினால் குழியில் நட்ட கொடி. இடது பக்கம் பார்த்தால் பத்துப் பதினைந்து எட்டில் வெட்டிவிட்ட புல்தரை.

"சந்து இருக்கு," என்றார் பொன்னுராஜ்.

"இருக்கட்டும். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது," என்றாள்.

அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இந்த ஆறு மாதமும் துணி மடிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் போட்ட கணக்கு. பந்து காட்டுக்குள் போய்விட்டால் போனதுதான். அந்த இழப்பை ஒரே அடியில் மீட்டுவிட நினைக்கக்கூடாது. பக்கவாட்டில் ஒரு சின்னத் தட்டு, புல்தரைக்கு வந்தாயிற்று. அங்கிருந்து, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய கிரீனுக்கு ஒன்று. மொத்தம் மூன்று. கிரீனில் உருட்டுவதற்கு மூன்று அடி கைவசம் இருக்கிறது. இரண்டிலேயே உருட்டிவிடலாம். அவள் வரிவரியாகப் படித்து முடித்த பாடம் இது.

பந்து வந்து நிற்க வேண்டிய இடத்தைப் பார்ப்பதற்காகப் புல்தரை வரை நடந்துபோனாள். மேடு பள்ளம் இருக்கிறதா என்று காலால் அழுத்திப் பார்த்தாள். திரும்பி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பொன்னுராஜ் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

சுந்தரபாண்டியத்தில் பருத்தி போட்ட குடும்பம் அவருடையது. இன்றைக்குச் சட்டை கசங்காத முதலாளிதான். ஆனால் களையைக் கண்டால் கை நிற்காது. கல்யாண வீட்டுப் பந்தலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே காலடியில் இருக்கிற அருகம்புல்லைக் குனிந்து பிடுங்குகிற ஆள். இப்போது பந்துக்குப் பின்னால் இரண்டு பெரிய கொத்து, வேரோடும் மண்ணோடும் வெளியே வந்து கிடந்தன. பந்து தாம்பாளத்தில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

"என்னங்க செய்யுதீய?"

"நீ அடிக்க வசதியா இருக்கட்டுமேன்னு லேசா ஒதுக்கிவிட்டேன்," என்றார். முகத்தில் அவ்வளவு அன்பு. கையில் ஒட்டிய மண்ணை வேட்டியில் துடைக்கக்கூட மறந்துபோய்ச் சிரித்தார்.

பிரிஸ்கில்லாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பந்து கிடக்கிற இடத்தைச் சீர் செய்யக்கூடாது. செய்தால் இரண்டு அடி தண்டனை. பை தூக்குகிறவர் செய்தாலும் ஆடுகிறவர் செய்த மாதிரிதான். மூன்றும் அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு அடி போச்சுங்க," என்றாள் மெதுவாக.

பொன்னுராஜ் முதலில் முழித்தார். பிறகு வேலிப் பக்கம் பார்த்தார். கௌதம்ராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். "அவன் பாக்கலட்டி. சத்தங் காட்டாம அடி," என்றார்.

அவளுக்கும் அந்த நினைப்பு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. வாயை மூடிக்கொண்டு ஒரு தட்டு தட்டினால் போதும், நாளைக் காலை ஆறு மணி அவளுடையது. ஆனால் அவளுடைய ஃபேக்டரியில் மடித்த துணி ஒன்று தரையில் விழுந்துவிட்டால் அது கழிவுதான். யாராவது பார்த்தார்களா என்று கேட்கிற வழக்கமே அங்கே கிடையாது. அப்படிப் பதினெட்டு வருஷம் நடத்தியாகிவிட்டது. அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, கூடவே புருஷன் மேல் கெட்ட கோபமும் வந்தது.

"கௌதம் தம்பி," என்று கூப்பிட்டாள். "இங்க ரெண்டு சேத்துக்கிடுங்க."

கௌதம்ராஜ் போனை வைத்துவிட்டு ஓடிவந்தார். பிடுங்கிய புல்லையும் பார்த்தார், பொன்னுராஜின் கையையும் பார்த்தார். பொன்னுராஜ் அதற்குள் குத்தவைத்து உட்கார்ந்து, கொத்தைப் பழைய குழியிலேயே வைத்து மண்ணை அணைத்துக்கொண்டிருந்தார். "இந்தா, நட்டுட்டேன். இனி ஒன்னுமில்ல பாரு."

"அண்ணாச்சி, அது வேர் பிடிக்க ஐப்பசி வரணும்," என்றார் கௌதம்ராஜ். கார்டில் இரண்டைச் சேர்த்து எழுதினார். எழுதும்போது அவருக்கே முகம் வாடிவிட்டது.

ஆக மூன்று அடி போயிற்று. மிச்சம் மூன்று.

"இனி வேற வழியே இல்ல," என்றார் பொன்னுராஜ் எழுந்து நின்று. குற்ற உணர்வில் குரல் கூடிவிட்டது. "சந்துதான். நேரா கிரீனுக்குக் கொண்டுபோயி, ரெண்டு உருட்டு. கணக்குச் சரியா வருது. பக்கத்துல தட்டுனீன்னா ஒரு அடி வீண்."

கணக்கு சரியாகத்தான் வந்தது. அதுதான் தொல்லை. பிரிஸ்கில்லா மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியான வெயில் தலையைப் பிளந்தது. கௌதம்ராஜ் குடையை அவள் பக்கம் நீட்டினார், வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"பத்துப் பந்து அடிச்சா எத்தன அந்தச் சந்துல போகும்?" என்று கேட்டாள்.

"நான் அடிச்சாலா?"

"நான் அடிச்சா."

பொன்னுராஜ் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "ஒன்னு போகும்."

"பக்கத்துல தட்டிட்டு, அங்கன இருந்து கொடிக்குக் கிட்டக்க வச்சேன்னா, ஒரே உருட்டுல எத்தன உள்ள போகும்?"

"மூனு... நாலு போகும்."

"அப்ப எதுங்க நல்லது?"

அவர் பையைத் தோளிலிருந்து இறக்கினார். அவள் குட்டையான மட்டையைக் கேட்டு வாங்கினாள். கொடிக்கு முதுகைக் காட்டாத குறையாகத் திரும்பி நின்று, பக்கவாட்டில் தட்டினாள். பார்க்க ஒன்றுமே இல்லாத அடி. பந்து புல்லை விட்டு வெளியே வந்து, நாலு துள்ளு துள்ளி, அவள் காலால் அழுத்திப் பார்த்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. நாலு.

அடுத்த அடிக்கு அவள் அவசரப்படவில்லை. மலைப்பக்கத்துக் காற்று நிற்கட்டும் என்று காத்திருந்தாள். நின்றதும் அடித்தாள். பந்து உயரப் போய், கிரீனின் முன்பக்கம் விழுந்து, கொடியைப் பார்த்து ஓடி, ஓடி, அலுத்துப்போய் நின்றுவிட்டது. குழிக்கும் அதற்கும் இரண்டு கட்டில் நீளம் இருக்கும். ஐந்து.

"பாகுந்தி," என்றார் கௌதம்ராஜ், தன்னையறியாமல் தெலுங்கில் மெச்சி. பொன்னுராஜ் பேசவே இல்லை. அவர் பேசாமல் இருந்ததை அவள் கல்யாணமான நாளிலிருந்து இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

அந்தக் கிரீன் பார்க்கத்தான் சமதளம். மலையிலிருந்து விலகிச் சரியும். பிரிஸ்கில்லா குழிக்கு நேராகக் குறி வைக்காமல், ஒரு சாண் மேலே, மலைப் பக்கமாக வைத்தாள். வருவது வரட்டும் என்று உருட்டினாள். பந்து மேலேயே போனது. போச்சு என்று நினைத்தாள். அப்புறம் அது மெல்லத் தலையைத் திருப்பிக் கீழே இறங்கியது. குழியின் விளிம்பில் வந்து நின்றே விட்டது என்று மூன்று பேரும் நினைத்த பிறகு உள்ளே விழுந்தது.

பொன்னுராஜ் பையைக் கீழே போட்டார். மட்டைகள் எல்லாம் சிதறின. பிரிஸ்கில்லா சிரிக்க நினைத்து வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கௌதம்ராஜ் கார்டில் கையெழுத்துப் போட்டார். "அம்பது. கணக்கா அம்பது. மதினி, சத்தியமா நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. நீங்களா சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நாளைக்கு ஆறு மணிக்கு வந்துருங்க, எங்க கூடயே ஆடலாம். ஆராதனைக்கு முன்னால முடிச்சிரலாம்."

"வாரேன் தம்பி," என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நன்றாக இருந்தது.

பொன்னுராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு முள்ளும் குத்திக்கொண்டிருந்தது. மட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே, "எல்லாஞ் சரிதான் கௌதமு," என்று ஆரம்பித்தார். "ரெண்டு கொத்துப் புல்லுக்கு ரெண்டு அடியா? இது அநியாயம்லா. நானும் பன்னெண்டு வருசமா ஆடுதேன். எந்தப் பந்துக்கு நான் புல்லப் புடுங்காம அடிச்சிருக்கேன்?"

பேனாவை மூடப்போன கௌதம்ராஜின் கை பாதியில் நின்றது.

"எந்தப் பந்துக்குமா, அண்ணாச்சி?"

"எந்தப் பந்துக்கும். புல்லுக்குள்ள கெடக்கத அப்படியே அடிக்க நான் என்ன கோட்டியா?"

"கார்டுக்கு ஆடுனப்பவும்?"

"அப்பவுந்தா..." என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார். வாய் திறந்தபடியே இருந்தது.

கௌதம்ராஜ் வானத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் பிரிஸ்கில்லாவைப் பார்த்தார். பொன்னுராஜும் அவளைத்தான் பார்த்தார், நீதான் ஏதாவது சொல்ல வேண்டும் என்பது போல.

பிரிஸ்கில்லாவுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே போய் அவர் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு மேல வாங்க," என்றாள். "ஆராதனை முடிஞ்சதும் வந்து நானே ஒங்களுக்குப் பை தூக்குதேன். பயப்படாதீங்க, ஒரு புல்லக்கூடத் தொட மாட்டேன்."