மூடி திறந்து மந்திரிச்ச மோட்டார்

ரெமிஜியஸ் பேரை எடுத்தாலே எனக்கு இன்னும் உடம்பெல்லாம் எரியுது. அவர் என் வீட்டுக்காரரோட அண்ணன், எனக்கு மூத்தார்; கூப்பிடறது மச்சான்னு.

என் வீட்டுக்காரர் மிக்கேல்ராஜ் தவறி மூணு வருஷம் ஆகுது. அவர் விட்டுட்டுப் போன சின்ன ஃபைபர் படகுலதான் வேதாரண்யம் உப்பங்கழியில நண்டு வலை போட்டுப் பிழைக்கிறேன். படகு ஓட்டுவேன், வலை விடுவேன். கயிறை இழுத்து எஞ்சினை ஸ்டார்ட் பண்றது மட்டும் முடியாது. உப்பளத்துல மூட்டை தூக்கி வலது தோள் போனது போனதுதான். அந்த ஒரு இழுப்புக்காக தினம் விடியக்காலையில மூத்தார் வாசல்ல போய் நிக்கணும். மனசிருந்தா வருவார். இல்லைன்னா இன்னிக்குக் காத்து சரியில்ல, வீட்டுல கிடன்னுடுவார். அதே காத்துல அவர் படகு மட்டும் போகும். ஒரு இழுப்பை வச்சுக்கிட்டு மூணு வருஷம் என்னை ஆட்டிவச்சார் மனுஷன்.

அதனாலதான் திருத்துறைப்பூண்டியில பேட்டரி ஆட்டோ ரிப்பேர் பாக்கிற அஸார்கிட்ட எஞ்சினை வண்டியில ஏத்திட்டுப் போனேன். பெட்ரோல்ல ஓடுற மேல்பாதியைக் கழட்டிட்டு, விசிறி இருக்கிற கீழ்ப்பாதி மேல கரண்ட் மோட்டாரை உட்கார வச்சுத் தந்தான். கைப்பிடியை முறுக்கினாப் போதும், இடது கையே தாராளம். பக்கத்துல கன்ட்ரோலர்னு ஒரு பெட்டி, மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடறது. அதுக்குள்ள தண்ணி போனா எல்லாம் போச்சுக்கான்னு சொல்லி, ரப்பர் வச்சு எட்டு ஸ்குரு போட்டு மூடினான். ரெண்டு நாள் தனியா ஓட்டிப் பாத்தேன். நடுக்கழியில உக்காந்து பைத்தியக்காரி மாதிரி சிரிச்சேன்.

எங்க கரையில புது எஞ்சினை மந்திரிக்காமத் தொழிலுக்கு எடுக்கிறதில்ல. மூடியைத் திறந்து உள்ள தீர்த்தம் படணும், அதுதான் வழக்கம். தீர்த்தத்துல மந்திரிச்ச உப்பு வேற கரைச்சிருக்கும். அதுக்குப் பயந்தே, மேல நாலு சொட்டு தெளிச்சாப் போதும் சாமின்னு ஃபாதர்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டேன். அவரும் சரின்னார்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஃபாதர் கரைக்கு வந்தார். மெழுகுவத்தி எடுக்க நான் வீட்டுக்குப் போய்த் திரும்பறதுக்குள்ள, மூத்தார் படகுல ஏறி எட்டு ஸ்குருவையும் கழட்டிட்டார். ஃபாதர் வெளிப்பக்கமா தெளிச்சதும் இவருக்கு ஆறல. உள்ள படாத தீர்த்தம் எதுக்கு ஆகும்னு செம்பை வாங்கிக் கவுத்தே விட்டார். நான் ஓடி வர்றேன், அதுக்குள்ள பெருமையா கைப்பிடியையும் முறுக்கிட்டார். பட்டுன்னு ஒரு சத்தம், ஒரு கருகல் நாத்தம். அவ்வளவுதான்.

வேணும்னு பண்ணலைங்க, அது எனக்கும் தெரியும். அவர் எஞ்சினுக்கெல்லாம் அப்படித்தான் ஊத்தினார், அதெல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா பெட்டி கருகினதும் அவர் மூஞ்சியில ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல.

"கவலைப்படாத ஜாய்ஸு, பழைய மேல்பாதியை எடுத்துட்டு வா, மாட்டிடலாம். தினம் நானே வந்து இழுத்து விடறேன்" என்றார்.

"அது இப்ப எங்கிட்ட இல்ல மச்சான். காயலான் கடையில போட்டுட்டேன்."

"என் தம்பி எஞ்சினையா?"

அவர் மூஞ்சியில அதுவரைக்கும் இருந்த நிம்மதி போன இடம் தெரியல. அப்பத்தான் எனக்கு எல்லாம் வெளிச்சமாச்சு. என் படகு ஓடறதும் ஓடாததும் அவருக்கு ஒண்ணுதான். கயிறு அவர் கையில இருக்கணும்.

அங்கேயே அஸாருக்கு ஃபோன் போட்டேன். வேற பெட்டி வர நாலு நாள் ஆகும்னான். ஊரே நின்னு பாக்குது, ஃபாதர் தலை குனிஞ்சு நிக்கிறார்.

"நாலு நாள் இல்ல, நாப்பது நாள் ஆனாலும் கஞ்சித் தண்ணி குடிச்சுக்கிட்டுக் கரையில கிடப்பேன் மச்சான்," என்றேன். "உங்க கையால இழுத்து ஒரு நாளும் தொழிலுக்குப் போகமாட்டேன். என் படகை விட்டு இறங்குங்க."

யாராவது தனக்காகப் பேசுவாங்களான்னு சுத்திப் பாத்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு முழங்கால் சேத்துல இறங்கினார்.