மூன்றாவது ஓலை

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபைக்கு அறிவிக்கிற கல்யாண ஓலை, கிரேசிக்கு ஆலயத்தில் முதல் தடவை வாசிக்கப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலையில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் அவள் நாற்காலியில் உட்காரும் முன்பே, மேனேஜர் கூப்பிடுவதாகப் பியூன் மாசானம் வந்து நின்றான். செய்தியைக் கொண்டுபோனது யார் என்று அவள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஹெட்கிளார்க் சுந்தரராஜ் அதே ஆலயத்தில் ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சுக்காரர், ஆலயக் கமிட்டியிலும் இருக்கிறவர். பாட்டுப் புத்தகத்தை மூடிய கையோடு மேனேஜர் வீட்டுப் படி ஏறியிருப்பார்.

மேனேஜர் காசிலிங்கம் நல்ல மனிதர் என்று ஊரில் பேர். எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார்.

"கல்யாணமாமே, ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ள என்ன பண்ணுதாரு?"

"ஹார்பர்ல கிளார்க்கா இருக்காரு ஸார். பேரு பால்துரை."

"நல்லது, நல்லது. அப்போ ராஜினாமாவ எழுதிக் குடுத்துரு. கம்பெனி ரூல் ஒனக்குத் தெரியும்லா?"

"நான் வேலய விடுததா இல்ல ஸார்."

"யோசிச்சுப் பாரு," என்றார் காசிலிங்கம், அப்போதும் சிரிப்பு மாறாமல்.

ரூல் அவளுக்குத் தெரியாமலில்லை. பெண் ஊழியர் கல்யாணம் செய்துகொண்டால் தாமாகவே வேலையிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குத் 'தாமாகவே' என்று பேர் வைத்த புண்ணியவான் எந்தத் தலைமை ஆபீசில் உட்கார்ந்திருந்தானோ. அவள் வேலைக்குச் சேர்ந்தது சண்டைக்காலம். ஆபீஸ் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் பட்டாளத்துக்குப் போய்விட, கம்பெனி அவள் ஊரான நாசரேத்துக்கே ஆள் அனுப்பி, டைப் அடிக்கத் தெரிந்த பெண்பிள்ளைகள் உண்டா என்று வீடு வீடாகக் கேட்டது. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சேதி வந்ததும் தூத்துக்குடியில் வசதியுள்ளவர்களெல்லாம் மூட்டை கட்டினார்கள். காசிலிங்கம் கோவில்பட்டியில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். மாசானமும் கிரேசியும்தான் தினம் ஆபீசைத் திறந்து, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'நீ பொம்பளப்பிள்ள, வீட்டப் பாத்துப் போ' என்று சொல்ல அன்றைக்கு ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. இப்போது சண்டை முடிந்துவிட்டது, போனவர்கள் திரும்பி வருகிறார்கள், ரூலும் தூக்கம் கலைந்து எழுந்துவிட்டது.

அந்த வேலை அவளுக்கு உயிர். கிரேட் காட்டன் ரோட்டு மாடியில், ஜன்னலோரத்தில், அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. பிறந்த வீட்டில்கூட அவளுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. சம்பளம் ஒன்றாம் தேதி தவறாது. தெருவில் போனால் கடைக்கார அண்ணாச்சிகள் "இன்ஷூரன்ஸ் டீச்சர் போறாக" என்பார்கள். படித்த பெண் என்றால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நினைப்பு. திரேஸ்புரத்திலிருந்து புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் ஆண் கிளார்க்குகளிடம் வாய் திறக்கமாட்டார்கள், நேரே கிரேசியின் மேஜைக்குத்தான் வருவார்கள். "ஒங்க பணம் வந்துட்டும்மா" என்று அவர்களிடம் சொல்கிற வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பிடிக்காததும் உண்டு. அவள் டைப் அடிக்கும்போது சுந்தரராஜ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பது பிடிக்காது. சுவரில் தொங்கிய கம்பெனி காலண்டர் அதைவிடப் பிடிக்காது. அதில் ஒரு மனைவி, இடுப்பில் குழந்தை, கீழே 'உங்கள் மனைவிக்கு நாங்கள் இருக்கிறோம்' என்று கொட்டை எழுத்து. ஊரில் உள்ள பெண்டாட்டிகளுக்கெல்லாம் இருக்கிற கம்பெனி, பால்துரையின் பெண்டாட்டிக்கு மட்டும் இல்லையாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாவது ஓலை வாசித்த வாரத்தில் மெட்ராசிலிருந்து கம்பெனியின் பெரிய இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்தார். கம்பெனியில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன, மனம் விட்டுச் சொல்லுங்கள், யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்றார்.

டிபன் ரூமில் இந்தக் கிளார்க்குகள் பேசுகிற பேச்சைக் கேட்டால் கம்பெனி அன்றைக்கே இடிந்து விழுந்துவிடும் என்று தோன்றும். லீவு கேட்டால் மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், ஹெட்கிளார்க் கோள் சொல்லுகிறார், பதவி உயர்வு சொந்தக்காரனுக்குத்தான் என்று இன்பமணி போடுகிற சத்தத்தில் டம்ளர் அதிரும். அந்த இன்பமணிதான் முதலில் எழுந்தான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு ஸார். ஃபேன் மட்டும் கொஞ்சம் சத்தம் போடுது."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். அடுத்தவனும் ஃபேன் என்றான். அதற்கடுத்தவனும் ஃபேன்தான். கிரேசிக்கு வந்த ஆத்திரத்தில் காது அடைத்தது. கம்பெனி மேல் வந்ததைவிட இந்த வாய்ச்சொல் வீரர்கள் மேல் அதிகமாக வந்தது. அவள் முறை வந்ததும் எழுந்தாள்.

"எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு ஸார். என் நாற்காலி பிடிச்சிருக்கு. இங்கன வார பொம்பளைங்க என்னத் தேடி வாரது பிடிச்சிருக்கு. கல்யாணம் ஆனா இதெல்லாம் எனக்கு இல்லன்னு ஒரு ரூல் இருக்கே, அது பிடிக்கல."

இன்ஸ்பெக்டர் கனிவாகப் பேசினார். "கம்பெனி குடும்பத்தை மதிக்கிறது, அம்மா. அதனால்தான் அந்த ரூல். குடும்பத்தைக் கவனிக்க உங்களுக்கு நேரம் வேண்டாமா?"

"ஸாருக்குக் குடும்பம் இல்லையா?"

யாரோ சிரித்து, சிரிப்பை அவசரமாக இருமலாக்கினார்கள். இன்ஸ்பெக்டரின் கனிவு போய்விட்டது.

"ரூலைப் பற்றிப் பேச நான் வரவில்லை. பிடித்தது, பிடிக்காதது கேட்கத்தான் வந்தேன்."

"பிடிக்காததத்தான் ஸார் சொல்லுதேன்."

அவர் அடுத்த ஆளைப் பார்த்தார். அடுத்த ஆள் எழுந்து, டீ கொஞ்சம் தாமதமாக வருகிறது என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் சுந்தரராஜ் அவள் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"ஒன் அப்பா ஸ்தானத்துல சொல்லுதேன், கேளு. நாளைக்கு மூணாவது ஓல. பாதிரியார் ஐயாகிட்டச் சொல்லி நிறுத்திப் போடு. ரெண்டு வருஷம் பொறுத்தா குடியா முழுகிப் போகும்? ஒன் வேலய நான் காப்பாத்தித் தாரேன். இல்லன்னா திங்கக்கிழம ராஜினாமா என் மேஜயில இருக்கணும். இப்படி ஒரு தடைய வச்சிக்கிட்டு எப்படிக் கல்யாணம் பண்ணுவ?"

"தடையா ஸார்?"

"தடைதான், வேறென்ன?"

அன்று சாயங்காலம் கடற்கரையில் பால்துரையிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வேலய விட்டாலும் சரி, கல்யாணத்தத் தள்ளிப் போட்டாலும் சரி, நீயா நெனச்சுச் செய். அவம் சொன்னாம்னு செய்யாத," என்றான். பிறகு, "தள்ளிப் போட்டா எனக்கு வருத்தமாத்தான் இருக்கும். இருந்தாலும் சொல்லுதேன்," என்றான்.

அவளுக்கு இரண்டும் வேண்டும். வேலையும் வேண்டும், இவனும் வேண்டும். உலகத்தில் எந்த ஆண்பிள்ளையிடமாவது இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? சுந்தரராஜுக்கு ஐந்து பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் ஆபீசில் மிட்டாய் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. பாதிரியார் மூன்றாவது முறையாக ஓலையை வாசித்தார். கிரேசிக்கும் பால்துரைக்கும் நடக்கவிருக்கும் விவாகத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் இப்பொழுதே தெரிவிக்கலாம் என்று வழக்கம்போல் சொல்லி, வழக்கம்போல் ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், அடுத்தது பாட்டு என்று ஆர்மோனியக்காரர் கையை வைத்தாயிற்று.

பெண்கள் பக்கத்தில் கிரேசி எழுந்து நின்றாள்.

"ஐயா, தடை இருக்குன்னு ஒருத்தர் நேத்து எங்கிட்டச் சொன்னாரு. அவரு இங்கனதான் இருக்காரு. அதச் சபைக்கு முன்னால சொல்லச் சொல்லுங்க."

ஆலயம் மொத்தமும் திரும்பியது. இத்தனை வருஷத்தில் ஓலையில் யாரும் எழுந்ததில்லை, அதுவும் கல்யாணப் பெண்ணே.

"யாரும்மா?"

"ஹெட்கிளார்க் சுந்தரராஜ் ஸார்."

சுந்தரராஜ் பெஞ்சின் நுனியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆபீசில் அவர் வாய்க்குப் பூட்டு கிடையாது. இங்கே பாட்டுப் புத்தகத்தைத் திறந்து மூடினார். அவர் மனைவி ஞானபாக்கியம் பெண்கள் பக்கத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுந்தரராஜ், இந்த விவாகத்துக்கு ஏதாவது தடை உண்டா?" என்று பாதிரியார் கேட்டார்.

"அது... ஆபீஸ் விஷயம், ஐயா."

"விவாகத்துக்குத் தடை உண்டா, இல்லையா?"

"இல்ல, ஐயா."

"சத்தமாச் சொல்லுங்க ஸார், இங்கன கேக்கல," என்றாள் கிரேசி.

"தடை இல்ல."

"அப்போ நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வாரேன் ஸார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆர்மோனியம் ஒரு வழியாகத் தொடங்கியது.

திங்கட்கிழமை அவள் போனபோது நாற்காலியில் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். டைப் அடிக்க இன்னும் பழகவில்லை, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தான். அதனால் காசிலிங்கம் தம் கையாலேயே எழுதி வைத்திருந்த உத்தரவை அவளிடம் நீட்டினார். மேலதிகாரியைப் பொது இடத்தில் அவமதித்த ஒழுங்கீனத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள் என்று அதில் இருந்தது. சுந்தரராஜ் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாசித்துவிட்டு அதைத் திரும்ப மேஜையில் வைத்தாள்.

"இது பொய் ஸார். ரெண்டு வாரமா என்னப் போகச் சொல்லுதிய. அப்போ நான் யாரையும் அவமதிக்கல. காரணம் கல்யாணம். கல்யாணம்னு எழுதுங்க."

"அப்படில்லாம் எழுத முடியாது."

"ஏன் ஸார்?"

"கல்யாணம் பண்ணுததுக்கு வேலய விட்டுத் தள்ளுனோம்னு எழுதினா நல்லாவா இருக்கும்?" என்று காசிலிங்கத்தின் வாயிலிருந்து வந்துவிட்டது.

ஹாலில் பேனாக்கள் நின்றிருந்தன. இன்பமணி தலையைக் குனிந்து எதையோ தேடுவதுபோல் மேஜை டிராயரைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்காதுன்னு ஒங்களுக்கே தெரியுதுல்லா," என்றாள் கிரேசி. அவள் குரல் உயரவில்லை. "நல்லா இல்லாதத எனக்குச் செய்யலாம், எழுதத்தான் ஒங்களுக்குக் கூசுது. எழுதுங்க ஸார். எழுதுத வரைக்கும் நான் இங்கனதான் நிப்பேன்."

அவள் நின்றாள். பாலிசி விஷயமாக வந்த இரண்டு பெண்கள் அவளைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் வந்து அவர்களும் நின்றார்கள். காசிலிங்கம் அவர்களைப் பார்த்தார், சுந்தரராஜைப் பார்த்தார். சுந்தரராஜ் நிமிரவில்லை. கடைசியில் பேனாவை எடுத்து ஒழுங்கீனத்தை அடித்துவிட்டு, அதற்கு மேலே 'கல்யாணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கிரேசி அதை வாங்கி, அந்தச் சொல்லை விரலால் தொட்டுச் சரிபார்த்துவிட்டுப் படியிறங்கினாள். கோபம் கொஞ்சமும் தணியவில்லை.